மாத்து வேலை

குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று சின்னவள் சொல்லி வாயை மூடுவதற்குள் பெரியவள் கையில் ஸ்பேனரோடு வந்து நின்றாள்.

"அக்கா, நான் பேச்சுவாக்குலதான் சொன்னேன். அப்புறம் பார்த்துக்கலாம்."

"உன் அப்புறம் எனக்குத் தெரியாதா? இதுக்குக் கீழே ஒரு வாளியை வெப்பே. அந்த வாளி நிறையும். அதைக் கொட்டறதுக்கு நல்ல நாள் பார்ப்பே. தள்ளு, தள்ளு."

குழாயின் கழுத்தைத் திருகி, நைந்துபோன வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து, புதியதை உட்கார வைத்து, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது அடுப்பில் வைத்திருந்த பால் இன்னும் பொங்கவில்லை. சின்னவள் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. தன் ஓரகத்தியைப் பார்க்கும்போது வருகிற அந்த மலைப்பு மட்டும் அவளுக்குத் தீரவே இல்லை.

மாமனார் இரண்டு மருமகள்களுக்கும் பெயர் வைத்திருந்தார். பெரியவள் 'இப்பவே'. சின்னவள் 'அப்புறம்'. "இப்பவே எங்கே, டூட்டிக்குக் கிளம்பிட்டாளா? அப்புறம் எழுந்தாச்சா?" என்று காலையில் அவர் ஆரம்பித்தால் வீடே சிரிக்கும். சின்னவளும் சிரிப்பாள். கோபித்துக்கொள்ளலாம்தான், அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பெரியவளுக்கு அவசர ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேருடைய அலறலைக் கேட்பாளோ தெரியாது. "பதறாதீங்க. எங்கே இருக்கீங்க? மூச்சு இருக்கா பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்." அந்தக் குரலை ஒருமுறை சின்னவள் நேரில் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது தெருவே கூடி நின்று கையைப் பிசைந்தது. பெரியவள் ஒருத்திதான் அவரைப் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, ஆளுக்கொரு வேலை சொல்லி, வண்டி வந்து நிற்கும்வரை அவரோடு சினிமாக் கதை பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து சின்னவளுக்கு அவள் ஓரகத்தி மட்டுமல்ல.

சின்னவளின் வேலை அதற்கு நேர் எதிர். காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் அவள் காது அச்சு செய்கிறாள். வருகிறவர்களின் காதுக்குள் பசைபோன்ற ஒன்றை மெல்லச் செலுத்தி, அது இறுகும்வரை ஆடாமல் அசையாமல் பிடித்திருந்து, எடுத்த அச்சைத் தேய்த்து இழைத்து வழவழப்பாக்க வேண்டும். இறுகுவதற்கு முன் எடுத்தால் எல்லாம் பாழ். அங்கே அவளுடைய நிதானம் பெரிய சொத்து. அந்தச் சொத்தை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டதுதான் தொல்லை. வீட்டில் எந்த வேலையைப் பார்த்தாலும் அது இன்னும் கொஞ்சம் இறுகட்டும் என்றே அவளுக்குத் தோன்றும்.

இருவரும் ஒத்துப்போனதற்குக் காரணம் அவர்கள் கண்டுபிடித்த ஒரு வழி. சின்னவளுக்குக் கேஸ் கம்பெனிக்குப் போன் செய்வது, ஃபியூஸ் போன பல்பை மாற்றுவது, எதிர் வீட்டுக்காரரிடம் வண்டியை நகர்த்தி நிறுத்தச் சொல்வது எல்லாம் மலை. பெரியவளுக்கு அவை ஊதித் தள்ளுகிற வேலை. பெரியவளுக்கு உட்கார்ந்து செய்கிற எதுவும் ஆகாது. சிக்கிய சங்கிலியைப் பிரிக்கச் சொன்னால் கடித்துத் துப்பிவிடுவாள் போலிருக்கும். பொத்தான் தைக்க உட்கார்ந்தால் விரலில் ரத்தம் வரும். சின்னவளுக்கு அதெல்லாம் ஓய்வு. எனவே காலையில் காபி குடிக்கும்போதே பேரம் நடக்கும்.

"அக்கா, கேஸ்காரனுக்கு ஒரு போன்."

"சரி. என் ஸ்வெட்டர் ஜிப்பு வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது."

"கொடுங்க."

இதற்கு அவர்கள் 'மாத்து வேலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாருக்கு லாபம் என்று இருவரும் பார்த்ததில்லை. ஆனாலும் லாபம் தனக்குத்தான் என்று சின்னவள் உள்ளுக்குள் நினைத்துக்கொள்வாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும், பக்கத்துச் சுவரை ஒட்டி அந்தப் பட்டறை வராமல் இருந்திருந்தால். ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு செய்கிற வெல்டிங் பட்டறை. பொழுது விடிந்தால் இரும்பை அறுக்கிற சத்தம் வீட்டின் எந்த மூலையில் போய்ப் படுத்தாலும் பல்லைக் கூசவைக்கும். மற்றவர்கள் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள். மாமனாருக்குக் காது கொஞ்சம் மந்தம். மருமகளே அச்செடுத்துக் கொடுத்த கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டால் அவருக்கு உலகம் அமைதி. மாட்டிக்கொண்டவன் சின்னவளின் கணவன். செய்தித்தாள் அச்சகத்தில் அவனுக்கு இரவு வேலை. காலையில் வந்து படுத்தால்தான் உண்டு. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். தலையணையைத் தலைமேல் கவிழ்த்துப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததுதான் மிச்சம். போன மாதம் வேலையிலிருந்து வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே தூங்கிவிட்டான். நடுச்சாலைத் தடுப்பில் மோதி விழுந்து, முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று.

அந்த முழங்கைக்கு மருந்து போட்டவள் பெரியவள்தான். "எதிர்ல ஒரு லாரி வந்திருந்தா?" என்று மட்டும் கேட்டாள். எத்தனையோ லாரி விபத்துகளைப் போனில் கேட்டவள் அவள். சின்னவள் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தாள்.

வீடு கிடைத்தது. அச்சகத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம். சந்தின் கடைசி வீட்டு மாடி. படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் செடி விற்கிற தோட்டம். சின்னவளும் கணவனும் போய்ப் பார்த்தபோது, வீட்டுக்காரம்மா கீழே பேசிக்கொண்டிருந்த கொஞ்ச நேரத்துக்குள் அவன் வெறும் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனான். சின்னவள் அவனை எழுப்பாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த வீடுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

"இன்னொருத்தரும் கேட்டிருக்காங்க. நீங்க முதல்ல வந்தீங்க. வீட்ல கலந்து பேசிட்டு சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க. இல்லன்னா அவங்களுக்குக் கொடுத்துடுவேன்" என்றார் வீட்டுக்காரம்மா.

வீட்டில் சொன்னபோது மாமனார் பட்டறைப் பக்கத்துச் சுவரைப் பார்த்துவிட்டு, "பையன் தூங்கணும். போயிட்டு வாங்க" என்றார். பெரியவள், "நல்ல வீடாம்மா? தண்ணி வருதா?" என்று விசாரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். பெரியவளின் கணவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவர்களுடைய ஒரே பெண் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இதையெல்லாம் சின்னவள் அப்போது யோசித்துப் பார்த்திருக்கலாம். அதைத்தான் அவள் தள்ளிப்போட்டாள்.

ஒரு போன். "வரோம்மா" என்று ஒரு சொல். வெள்ளிக்கிழமை முழுக்க சின்னவள் போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்தே களைத்துப்போவாள். சனிக்கிழமை காலையில் வழக்கம்போல் பெரியவளிடம் தள்ளிவிட்டாள்.

"அக்கா, அந்த வீட்டுக்காரம்மாவுக்கு நீங்களே சொல்லிடுங்களேன். நாங்க வரோம்னு. உங்க கைப்பை வார் அறுந்திருக்குல்ல, நான் தைச்சு வெக்கறேன்."

"சரி" என்றாள் பெரியவள்.

கைப்பேசியை எடுத்து அப்போதே எண்ணை அழுத்தாமல் அவள் 'சரி' மட்டும் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்னவளுக்கு அது உறைக்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் வேலை முடிந்து வந்து, ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடி கேட்டான். "அந்தம்மா சாவி எப்ப தராங்களாம்?"

"இதோ, கேட்டுச் சொல்றேங்க."

பெரியவள் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் போய் நின்று கிளிப் டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"அந்தம்மா என்னக்கா சொன்னாங்க?"

பெரியவள் ஒரு துண்டை உதறினாள். உதறிய துண்டையே மறுபடியும் உதறினாள்.

"நான் போன் பண்ணலடி."

"லைன் கிடைக்கலையா?"

"பண்ணியிருந்தா கிடைச்சிருக்கும். பண்ணல."

சின்னவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. சூரியன் இன்றைக்கு வரவில்லையாம் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது. "மறந்துட்டீங்களா?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"மறந்தா தேவலையே. காபி குடிச்சிட்டுப் பண்ணலாம்னு நினைச்சேன். அப்புறம், இவ்வளவு காலையில தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு தோணுச்சு. மத்தியானம் எடுத்தேன். சாப்பிடற நேரமா இருக்குமேன்னு வெச்சிட்டேன். டூட்டி முடிச்சு வந்து சாவகாசமா பேசலாம்னு விட்டேன். வந்து பார்த்தா நேரம் ஆயிடுச்சு. இனிமே கூப்பிட்டா மரியாதையா இருக்காதுன்னு..."

ஒவ்வொரு சாக்கும் சின்னவளுக்கு நெருங்கிய சொந்தம். எல்லாமே அவள் வளர்த்து ஆளாக்கியவை. அவை பெரியவளின் வாயிலிருந்து வரிசையாக வருவதைக் கேட்கச் சிரிப்பும் வந்தது, பயமாகவும் இருந்தது.

"போன்லயே பொழப்பு நடத்தறவ நான்" என்றாள் பெரியவள். "உசுரு ஊசலாடற நேரத்துல எத்தனை பேர்கிட்டப் பேசியிருக்கேன். இந்த ஒரு நம்பரை அழுத்தக் கை வரல. அழுத்திட்டா நீங்க போயிடுவீங்க. அவரு கிரேன்ல இருப்பாரு. மாமா காதைக் கழட்டி வெச்சிடுவாரு. சாயங்காலம் வந்து நான் யாரை விரட்டறது?"

சின்னவள் கிளிப் டப்பாவைத் தரையில் வைத்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"அக்கா, அவர் நேத்து ராத்திரியும் அதே வண்டியிலதானே போனாரு? நீங்களே மருந்து போட்டீங்களே. வழியில ஏதாவது ஆயிருந்தா?"

"தெரியும். அவன் வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் வாசப்படியிலதான் உக்காந்திருந்தேன்."

கொடிக்கயிற்றைப் பிடித்திருந்த பெரியவளின் கையைச் சின்னவள் பார்த்தாள். அந்தக் கை இப்படிச் சும்மா இருந்து அவள் பார்த்ததே இல்லை. கோபம் வந்த வழியிலேயே இறங்கிப் போயிற்று. தள்ளிப்போடுகிறவர்களைச் சோம்பேறி என்று உலகம் சொல்லும். அந்தத் துறையில் ஊறியவள் சின்னவள், அவளுக்குத் தெரியும். எந்த வேலையும் கடினம் என்று யாரும் தள்ளிப்போடுவதில்லை. அந்த வேலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று நின்றுகொண்டு பயமுறுத்தும், அவ்வளவுதான். அவளுக்கு அது முன்பின் தெரியாத ஒரு குரலாக இருக்கும். அக்காவுக்கு அது காலியான ஒரு வீடு.

"சரி, விடுங்க" என்றாள் குரலைத் தாழ்த்தி. "நான்தான் போன் பண்ண மறந்துட்டேன்னு உள்ள சொல்லிடறேன். யாரும் ஏன்னுகூடக் கேக்க மாட்டாங்க. இந்த விஷயத்துல எனக்கு நல்ல பேரு இருக்கு."

பெரியவள் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே நடந்தாள்.

"அக்கா, நில்லுங்க! அவரு சாப்பிட்டு முடிக்கட்டும். தூங்கி எழுந்ததும் சொல்லலாம். அக்கா!"

கேட்கிற ஆளா? சின்னவள் ஓடிப்போய் எட்டிப்பிடிப்பதற்குள் அவள் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"தம்பி, அந்த வீட்டுக்கு நேத்து போன் பண்ண வேண்டியவ நான். உன் பொண்டாட்டி என்கிட்டச் சொல்லிட்டா. நான் வேணும்னே பண்ணல. நீங்க போறதுல எனக்கு இஷ்டமில்ல, அதான். வீடு கைவிட்டுப் போயிருந்தா அது என்னாலதான். அவளை ஒண்ணும் சொல்லாதே."

மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். சின்னவள் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். தள்ளிப்போட இதைவிடத் தோதான ஒரு வேலை உலகத்தில் உண்டா? இதைச் சொல்வதற்கு அவளாக இருந்தால் ஒரு மழைக்காலம் போயிருக்கும். கேட்டால் மன்னித்துவிடுவார்கள் என்று தெரிந்தாலும் வாய் வந்திருக்காது. இந்தப் பெண்பிள்ளையோ, ஈரத்துணி மிச்சம் இருக்கும்போதே வந்து, ஒரு சாக்குப்போக்கு இல்லாமல் தன் தப்பைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டாள். குழாய்க்கு வாஷர் மாற்றுவதைப் பார்த்தா இத்தனை நாள் மலைத்துக்கொண்டிருந்தோம் என்று சின்னவளுக்குத் தோன்றியது.

பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தம் எழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் அவர்களுக்கு ஓய்வில்லை. கணவன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். அவனுடைய கண்கள் சிவந்திருந்தன.

"எனக்குத் தூங்கணும் அண்ணி" என்றான். "வேற ஒண்ணுமில்ல. உங்களை விட்டுட்டுப் போகணும்னு இல்ல. தூங்கணும்."

"தெரியும்பா."

"தெரிஞ்சும் நின்னுக்கிட்டே இருந்தா எப்படி?" என்றார் மாமனார். "கூப்பிட்டுப் பாருங்க. போனா போகுது, இருந்தா இருக்குது."

பெரியவள் கைப்பேசியை எடுத்தாள். எண்ணைத் தேடி அழுத்தினாள். காதருகே கொண்டுபோனவள் தொண்டையைச் செருமினாள்; மறுபடியும் செருமினாள். தெருவையே தெம்பாக்கிய அந்தக் குரல் வரவில்லை. சின்னவள் போய்க் கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. என்ன பேசப்போகிறோம் என்று யோசிப்பதற்குள் எதிர்முனையில், "யாரு?" என்று கேட்டுவிட்டது.

"அம்மா, மாடி வீடு பார்த்துட்டுப் போனோமே, அந்த அச்சகத்துக்காரர் வீட்லேருந்து பேசறேன்."

"நீங்களா? நல்லா இருக்கும்மா உங்க கதை! நேத்து சாயங்காலம் பூரா பார்த்தேன்."

"தப்புதாம்மா. நேத்தே சொல்லியிருக்கணும். வீட்டைக் கொடுத்துட்டீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தார்கள். "கொடுத்திருக்கணும். அவங்களுக்கு ராத்திரியே சொல்லணும்னுதான் இருந்தேன். சாப்பிட்டு சொல்லிக்கலாம்னு பார்த்தேன். சாப்பிட்டா கண்ணைச் சுத்துச்சு. சரி, காலையில சொல்லிக்கலாம்னு படுத்துட்டேன். காலையில எழுந்தா ஆயிரம் வேலை..."

சின்னவளுக்கு அந்த அம்மாவைப் போனுக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

"ஆனா இப்பச் சொல்லிடணும்" என்றார் அவர். "வரீங்களா, இல்லையா? யோசிச்சு அப்புறம் சொல்றேன்னா எனக்கு ஆகாது."

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் எப்படி மலரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் டைம் கொடுங்கம்மா என்று கெஞ்சலாம். பழகிய நாக்கு அந்தப் பக்கமே போயிற்று. அப்போது பெரியவள் கையை மார்புக்கு நேராகத் தூக்கி, அழைப்பு மையத்தில் புதிதாக வந்தவர்கள் தயங்கும்போது செய்வதாக ஒருமுறை சொன்னதுபோல் உள்ளங்கையை மெல்ல முன்னால் தள்ளிக் காட்டினாள். பேசு. நிறுத்தாதே.

"வரோம்மா" என்றாள் சின்னவள். "இந்த வாரமே வந்துடறோம்."

பேசி முடித்ததும் கைப்பேசியைப் பெரியவளிடம் திருப்பிக் கொடுத்தாள். மாமனார் செய்தித்தாளை மறுபடியும் உயர்த்திக்கொண்டு, "இவளா பேசினது?" என்று அதற்குப் பின்னாலிருந்து கேட்டார். கணவன் எழுந்து போய் அண்ணியின் தோளில் நெற்றியை ஒருமுறை வைத்து எடுத்துவிட்டு, படுக்கப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்குள் மளிகைக் கடையிலிருந்து அட்டைப்பெட்டிகள் வந்தன. கயிறு வந்தது. வண்டிக்காரருக்குப் பெரியவளே போன் செய்து நாள் குறித்தாள்; அந்தக் குரல் திரும்பி வந்திருந்தது. சின்னவள் ஒரு பூஜாடியைத் துணியில் சுற்றி முடிப்பதற்குள் அவள் ஒரு அலமாரியைக் காலிசெய்தாள். "எதை எதோட வெக்கறீங்க அக்கா? கண்ணாடிக் கிளாஸும் இஸ்திரிப் பெட்டியும் ஒண்ணாவா?" என்று சின்னவள் பின்னாலேயே போய்ப் பிரித்து அடுக்கினாள்.

வண்டி வந்த அன்று எல்லாம் இறங்கியாயிற்று. இந்த வீட்டு மாடியில் சின்னவளும் கணவனும் இருந்த அறையில் கண்ணாடி பதித்த மர பீரோ ஒன்றுதான் பாக்கி. சுமை தூக்குகிறவர்கள் படியேற வந்தபோது பெரியவள் அதன் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"இது இருக்கட்டும்."

"ஏன் அண்ணி?" என்றான் கணவன். அவன் முகத்தில் ஏற்கெனவே ஒரு தெளிவு வந்திருந்தது. "இந்தப் படியில ஏறித்தானே வந்துச்சு. ரெண்டு பேர் பிடிச்சா..."

சின்னவள் அவன் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"திருப்பத்துல கண்ணாடி இடிச்சிடும்" என்றாள் பெரியவள், யாரையும் பார்க்காமல். "அவசரம் என்ன? அப்புறமா எடுத்துக்கலாம்."

கீழே மாமனார் இருமினார். கருவியை மாட்டியிருந்தார் போலிருக்கிறது.

"அதானே" என்றாள் சின்னவள். "நான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்க்கா. அன்னிக்கு முடியலன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை. என்னைப் பத்தித்தான் உங்களுக்குத் தெரியுமே, இதை எடுக்கறதுக்கு எத்தனை நடை நடக்கப் போறேனோ."

பெரியவள் சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு பீரோவைத் திறந்தாள். காலித் தட்டைத் துணியால் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்து, ஓரங்களை மடித்துவிட்டு, சின்னவள் பக்கம் கையை நீட்டினாள்.

"உன்னோட ஒரு மாத்துத் துணியும் தம்பியோட ஒரு துண்டும் எடு. வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி எடுத்துடு, சீக்கிரம். ஞாயித்துக்கிழமை வந்து குளிச்சா எதைக் கட்டிப்பீங்க?"